இணையம் வந்தபின் படிக்கவும்

அக்கா போனில் போட்ட சத்தத்தில் கையிலிருந்த காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது.

"அடியே, உன் லினக்ஸ் என்னை நக்கல் பண்ணுதுடி! உடனே வா."

அக்காவின் தையல் கடை அடுத்த தெருவில். நாங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து சம்பளம் இல்லாமல் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை, வெளியீட்டுக்கு முன்பே, நேற்றுதான் அவளுடைய பழைய கணினியில் போட்டுக் கொடுத்திருந்தேன். வீட்டில் என் பேச்சை நம்பி லினக்ஸுக்கு மாறிய ஒரே ஆள் அவள். உதவிப் பக்கங்கள் என் பொறுப்பு. எழுதுகிறவர்கள் பலர், அவற்றை வகைபிரித்து, பேக்கேஜாக, அதாவது நிறுவுவதற்கான பொதியாக, கட்டி அனுப்புவது நான். இந்த முறை கையேடு முழுவதையும் தனி பேக்கேஜாக்கி, வேண்டியவர்கள் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நிறுவும் கோப்பு நன்றாக இளைத்தது. ஆளாளுக்குப் பாராட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று சாயங்காலம் வெளியீடு.

கடைக்குள் போனதும் அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு திரையைக் காட்டினாள். வைஃபை வரவில்லை. உதவியை அழுத்தியிருக்கிறாள். 'கையேடு இந்தக் கணினியில் இல்லை. இணையத்தில் இணைந்து இறக்கிக்கொள்ளவும்' என்று வந்திருக்கிறது.

"இன்டர்நெட் வரலேன்னா என்ன பண்றதுன்னு படிக்க, இன்டர்நெட் வேணுமாம். எந்தப் புண்ணியவான்டி இதைச் செஞ்சது?"

"நான்தான்."

அக்கா சிரித்த சிரிப்பில் கடையே அதிர்ந்தது. துணி வெட்டிக்கொண்டிருந்த அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பெட்டிக்குள்ளயே சாவியைப் போட்டுப் பூட்டிட்டியேம்மா!" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்புறம் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அமைப்புகளில், வைஃபை கருவியை இயக்கும் டிரைவர் பக்கத்தைத் திறந்து ஒரு டிக் போட்டேன். வைஃபை வந்தது, அவள் காத்திருந்த மருத்துவமனைச் சீருடை அளவுகளும் மெயிலில் வந்தன.

"எனக்கு நீ இருக்கே, ஓடி வந்துட்டே," என்றாள் அக்கா. "மத்தவங்களுக்கு?"

சுருக்கென்றது. சாயங்காலம் இது வெளியே போனால் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் இதே திரையின் முன்னால் முழித்துக்கொண்டு உட்காருவார்கள். இஸ்திரி மேசையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். இணைய இணைப்புப் பக்கங்களை மட்டும் படங்களோடு பிரித்தெடுத்து, எல்லோருக்கும் போகும் அடிப்படை பேக்கேஜில் சேர்த்தேன். கடைசி நேர மாற்றங்களை அனுமதிப்பவருக்கு எங்கள் கூட்டத்தில் வாசல்காரர் என்று பெயர். அவரைக் கூப்பிட்டேன்.

"தப்புதாங்க, ஒத்துக்கறேன். ஆனா கோப்பு ஒரு டிவிடிக்குள்ள அடங்கணுமே. நீங்க மிச்சம் பண்ணின இடத்தையும் மத்தவங்க நிரப்பிட்டாங்க, இடமே இல்ல. இது உள்ள வரணும்னா வேற ஏதாவது வெளிய போகணும். கட்டினவங்களே சோதிக்கவும் கூடாது, வேற ஆளைப் பிடிங்க. சீக்கிரம், கதவைச் சாத்தப்போறேன்."

எதை எடுப்பது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதனால்தான் தேடுவதுபோல் நடித்தேன். முதன்முறை கணினியைத் திறந்ததும் ஓடும் வரவேற்புப் படங்கள்: நாங்கள் இதை உருவாக்கிய கதை, எல்லோருடைய முகங்கள். மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தது. கையேட்டை வெளியே அனுப்பியபோதுகூட இதை மட்டும் உள்ளேயே வைத்திருந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுல நீ அழகா இருக்கேடி."

"இருக்கேன். அதான் கஷ்டமா இருக்கு."

அவள் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அழகான அந்த முகத்தை, வரவேற்புப் படங்கள் எல்லாவற்றோடும், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பேக்கேஜுக்கு மாற்றினேன். புதிதாகக் கட்டியதைப் பென்டிரைவில் ஏற்றி, அக்காவின் கணினியில் மறுபடி நிறுவினேன். வாசல்காரர் போனில் காத்திருந்தார், சோதிக்கிற ஆள் யார் என்று கேட்டார்.

"எங்க அக்கா. டெய்லர்."

"நல்லதாப் போச்சு. ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அக்கா நேராகச் சுவரருகே போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். அதைக் கழுத்திலிருந்த அளவு நாடாவோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றாள், முக்கியமாக என்னைப் பார்த்து. அத்தான் கத்தரியைத் தொடவில்லை. உதவியை அழுத்தினாள்.

பக்கம் திறந்தது. முதல் வரியின் கீழே சுண்டுவிரலை ஓட்டி உரக்கப் படித்தாள்.

"இணையம் கிடைக்கவில்லையா?"

"ஆமாம்," என்று திரைக்குப் பதில் சொல்லிவிட்டு, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.