யோன்சில் எடுத்த கணவாய் நெபுலா

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கிபோமுக்குத் தன் மனைவி மேல் பொறாமை வந்தது. அதுவும் ஒரு புகைப்படத்தால்.

கொரியாவின் கங்நுங் ஊரில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அடுத்த கடை மனைவி யோன்சிலுடையது. கிம்ச்சி, உப்பிட்ட கணவாய், வறுத்த நெத்திலி என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எல்லாம் அங்கே கிடைக்கும். கிபோமுக்கு வானம் பார்க்கிற பைத்தியம். அமாவாசையை ஒட்டி, வண்டி நிறையச் சாமான்களோடு ஆன்பான்தெகி மலைக்குக் கிளம்பிவிடுவார். அவள் துணைக்குப் போவாள். ராமென் நூடுல்ஸ் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டு வண்டியிலேயே தூங்குவாள்.

சும்மா தூங்குகிறாளே என்று, தான் ஒதுக்கிப் போட்டிருந்த சின்னத் தொலைநோக்கியையும் பழைய கேமராவையும் அவளிடம் கொடுத்தார்.

"எதையாவது எடுத்துப் பழகு."

"கணவாய் மாதிரியே ஒரு நெபுலா இருக்காமே. அதை எடுக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். மங்கலிலும் மங்கலான வாயுமேகம் அது. போன வருடம் அவரே முட்டி மோதிப் பார்த்துத் தோற்றிருந்தார்.

"அது உன்னால ஆகாது. ஆண்ட்ரோமீடாவை எடு. பாக்கவும் லட்சணமா இருக்கும்."

"தினமும் கணவாய் விக்கறவ நான். வானத்துல ஒண்ணு இருக்குன்னா விட்டுடுவேனா?"

இலையுதிர் காலம் முழுக்க அவள் வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போகும்போதெல்லாம் தொலைநோக்கிக் குழலை அதே இடத்துக்குத் திருப்பி, கேமராவை ஓடவிட்டுத் தூங்கினாள். சேர்ந்த படங்களை, கடையில் ஆள் வராத நேரத்தில் மங்கல் தெளியக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

ஒரு மத்தியானம் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிவப்புப் புகைக்கு நடுவே, நீலப்பச்சையில், தலையிலிருந்து வால் நுனிவரை முழுக் கணவாய்.

கிபோமுக்கு உடனே விளங்கிவிட்டது. சின்னக் குழலுக்குப் பார்வை அகலம்; அவருடைய பெரிய குழலின் பார்வைக்குள் அதன் நடுத்துண்டு மட்டும்தான் அடங்கும். லென்ஸ் விற்றுப் பிழைக்கிற தனக்கு இது உறைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

"ஓரத்து நட்சத்திரமெல்லாம் கோடா இழுத்துக்கிட்டு நிக்குது."

"நடுவுல பாருங்க."

"நீலம் கொஞ்சம் தூக்கல்."

"உப்பு தூக்கலா இருந்தாக்கூட வாயைத் திறக்க மாட்டீங்க. இதுக்கு மட்டும் நாக்கு நீளுதே."

அவர்களுடைய வானியல் சங்கத்துக் குழுவில் படம் போனதும் பாராட்டு குவிந்தது. 'அண்ணி கலக்கிட்டாங்க' என்று ஒவ்வொருவராக எழுத எழுத, அவருக்கு முள் குத்துவது போலிருந்தது. அடுத்த வாரம் சங்கச் செயலாளர் பியோ அவளுக்குப் போன் செய்தான். யோன்சிலின் கை முழுக்க மிளகாய் விழுது. அவர்தான் எடுத்தார்.

"அண்ணே, புது வருஷக் காலண்டர்ல அந்தப் படத்தைப் போடறோம். அண்ணி பேரைப் போட்டுடலாமில்ல?"

"ரெண்டு பேர் பேரையும் போடு. சேர்ந்து எடுத்தது."

யோன்சில் தலை நிமிரவில்லை. விழுதைக் கோஸ் இலைகளில் தடவிக்கொண்டே இருந்தாள்.

காலண்டர் வந்தது. அவர் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. அவள் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் எடுத்ததா?" என்று கேட்டாள் மருந்துக்கடைக்கார அம்மா.

"ஆமாங்க. சேர்ந்து எடுத்தது."

நேற்று வதக்கிய கீரையை இன்றையது என்று ஒருநாளும் சொல்லாதவள், முகம் மாறாமல் இந்தப் பொய்யைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற கிபோமின் காது சுட்டது.

"இல்லைங்க. இவதான் எடுத்தா. நான் வண்டி ஓட்டினேன்."

"அப்ப உங்க பேர் எதுக்கு முதல்ல இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள் யோன்சில், நெத்திலியை எடை போட்டபடி.

அன்று மாலையே பியோவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். அச்சடித்ததை மாற்ற முடியவில்லை. சங்கத்தின் இணையதளத்தில் மட்டும் திருத்தினார்கள். படத்துக்குக் கீழே அவள் பெயர் தனியாக நின்றதைப் பார்த்தபோது பாரம் இறங்கியது நிஜம். பொறாமை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த அமாவாசைக்குச் சாமான் ஏற்றும்போது மெல்லக் கேட்டார்.

"அந்தச் சின்னக் குழலை இந்தத் தடவை எனக்குத் தர்றியா?"

"பெரிசுக்கு என்ன வந்துச்சு?"

"கனமா இருக்கு."

"ஓரியன் பக்கம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். அது முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம்."

கிபோம் பெரிய குழலை இரண்டு கையாலும் தூக்கிப் பின்பக்கம் வைத்தார். அவளுடையது ஏற்கெனவே முன்சீட்டில், பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.