தெரியாமல் ஓட்டிய வேன்

1

இந்தக் கதை மனசாட்சியில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எட்டு அங்குலம் இடம் காலியாகக் கிடந்தது, அதில் பிறந்தது.

ஐம்பத்தொரு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியராக இருக்கிறேன். ஊரில் தக்காளி விளையும், தேர்தல் நடக்கும், வேறு விசேஷம் கிடையாது. மாநிலத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் நிம்மதியாகப் படிப்பார்கள்.

அந்த ஜூனில் எங்கள் சட்டசபை குடியேறிகளைப் பற்றி ஒரு சட்டம் போட்டது. சந்தேகம் வந்தால் போலீஸ் வண்டியை நிறுத்தி, நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் காகிதம் கேட்கலாம். காகிதம் இல்லாதவர் என்று தெரிந்தும் ஒருவரை வண்டியில் ஏற்றினால், ஏற்றியவரும் குற்றவாளி.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்திவானம் சிவந்திருந்தது. தக்காளி வயலின் நடுவே எர்மினியா தன்னந்தனியாக..."

இல்லை. அன்று வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. எர்மினியா வயலில் நிற்கவும் இல்லை. பேக்கிங் ஷெட்டில் நாற்பது பேரோடு, காயையும் பழத்தையும் பிரித்துக்கொண்டிருந்தாள். தனியாக நிற்க வைத்தால் உங்களுக்குச் சீக்கிரம் இரக்கம் வந்துவிடும். அவ்வளவு மலிவாக அதை வாங்க எனக்கு விருப்பமில்லை.

2

எட்டு அங்குலத்தைத் தலைவர்களின் கருத்துகளால் நிரப்புவது என்று முடிவு செய்தேன். தலைவர்கள் அதற்குத்தானே இருக்கிறார்கள்.

கவர்னர் அன்று ஒரே நாளில் ஐந்து கருத்து சொன்னார். தலைநகரில் சட்டத்தை வரவேற்றார், விவசாயிகள் கூட்டத்தில் அதன் வேதனையைப் புரிந்துகொண்டார். மற்ற மூன்றையும் காரில் போகும்போது சொன்னதால் காற்றில் போய்விட்டது. விவசாயத்துறைத் தலைவர், ஆள் குறைந்தால் நம் பிள்ளைகளே தக்காளி பறிப்பார்கள் என்றார். மறுவாரம் முப்பது பிள்ளைகள் பறிக்கப் போனார்கள். பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் மிச்சம். மதியம் வயலில் இருந்தது அவர்களுடைய தொப்பிகள் மட்டும்.

எதிர்க்கட்சித் தலைவரையும் ஆளுங்கட்சித் தலைவரையும் ஒரே நேரத்தில் இரண்டு போனில் பிடித்தேன். அவர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். இரண்டு ரிசீவரையும் வாயும் காதுமாகச் சேர்த்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன். வறுத்த கோழியும் அவரைக்காயும் முடித்து வந்தபோதும் ஒருவரையொருவர் "நீங்க முதல்ல" என்று உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.*

* இதை நம்பாதவர்கள் தாண்டிப் போகலாம். நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் ஓட்டுப் போடத் தகுதியானவர்கள்.

கடைசியாக ஹாலிஸ் ப்ரீலண்ட். எங்கள் தொகுதியின் மாநில செனட்டர். சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவன். "தெரிந்தும்" என்ற வார்த்தையை அதில் சேர்க்க வைத்ததே அவன்தான். "சட்டத்தை மதிக்கிற யாரும் பயப்பட வேண்டியதில்லை" என்று கருத்துச் சொன்னான். ஒரு வரி. தலைப்பாகப் போட்டேன்.

3

ஹாலிஸைக் கெட்டவனாக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முயற்சியில் சுருட்டு கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. (கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.)

அவன் எங்கள் தேவாலயச் சபையின் டீக்கன், பாதிரியாருக்கு அடுத்த பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சபை வேனை ஓட்டுவது அவன்தான். டிரெய்லர் வீடுகள் இருக்கும் தெருவில் நிறுத்தி, பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வருவான். அதில் எர்மினியாவும் அவளுடைய இரண்டு பெண்களும் உண்டு. மூத்தவள் நாயெலிக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஏழு. ஒன்பது வருடமாக இப்படி. சட்டம் அமலுக்கு வந்த முதல் ஞாயிறும் அதே பதினாலு பேரை ஏற்றி வந்தான். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினான் என்று சொல்லிவிட முடியாது. அவனுக்குத்தான் எதுவும் தெரியாதே.

எங்கள் ஊரில் புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்பது, "உங்க ஆளுங்க எந்தப் பக்கம்?" என்பதுதான். அடக்கத்துக்கு வந்த பிணத்தையும் கேட்டிருக்கிறோம், பதில் வரத் தாமதமானதால் விட்டோம். ஆனால் எர்மினியாவிடம் மட்டும் ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தேவாலயத்தின் புதன்கிழமை விருந்தில் அவளுடைய முட்டிவலி வரை விசாரிப்போம். எங்கே பிறந்தாள் என்பதற்குப் பக்கத்தில் வந்ததும் யாராவது எழுந்து இன்னொரு துண்டு கேக் எடுக்கப் போய்விடுவோம். இதை நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

4

இனிக் கதை.

வசந்தத்தில் எர்மினியாவின் கணவனின் வண்டியில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தான். அடுத்து தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்படி நடந்தால் பெண்கள் இரண்டு பேரையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போகும். இருவரும் இங்கே பிறந்தவர்கள். தனித்தனி வீட்டில் வைப்பார்களாம். அதைத் தடுக்க ஒரு பத்திரம் உண்டு: நான் வராவிட்டால் என் பிள்ளைகளை இன்னார் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று தாய் கையெழுத்துப் போடவேண்டும், இன்னாரும் சம்மதித்துப் போடவேண்டும், நோட்டரி முத்திரை வைக்கவேண்டும்.

ஊரில் நோட்டரி நான். பத்திரிகையில் வரும்படி போதாது.

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தாள். பெண்களை வெளியே வண்டியில் உட்கார வைத்திருந்தாள். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பிரதர் ஹாலிஸை வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

"போயும் போயும் அவனையா?" என்றேன்.

"சட்டம் போட்டவர் வீட்டுக்குள்ள போய்ப் பிள்ளைங்களை யார் எடிட்டர் ஐயா இழுத்துட்டு வருவாங்க?"

ஐம்பத்தொரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் பேசப்பட்ட அரசியலில் இதுதான் தெளிவானது.

ஹாலிஸ் வந்தான். தொப்பியைக் கழற்றினான். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான், என் மூட்டுகளைப் பற்றி விசாரித்தான். அவள் பத்திரத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் வரியைப் படித்தவன், சூடான சட்டியைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.

"இந்தச் சட்டம் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இல்ல சிஸ்டர்."

"சட்டத்துல பேரைப் போட்டு எழுதலை பிரதர். போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இதில் கையெழுத்துப் போட்டால் தனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிடும், தெரிந்தபின் ஞாயிற்றுக்கிழமை வேனை எடுக்க முடியாது, பதினாலு பேரும் நடக்க வேண்டியதுதான் என்றான். அவளுடைய நன்மைக்காகவே சொல்வதாகவும் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. (இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். ஆனால் கலங்கித்தான் இருந்தது.)

"இந்தப் பேப்பரை நான் பாக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம், சிஸ்டர்."

"ஒம்பது வருஷமா அதைத்தானே வச்சுக்கிட்டு வர்றோம்," என்றாள் எர்மினியா. "எனக்கு இப்ப, பாத்தேன்னு சொல்ற ஆள் ஒருத்தர் வேணும் பிரதர்."

5

முடிவுகள்.

அ) ஹாலிஸ் கையெழுத்துப் போடுகிறான். திங்கட்கிழமை சட்டசபையில் எழுந்து நின்று... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாதர் குழுவுக்குப் படித்துக் காட்டினேன், அழுதார்கள். அழுததோடு சரி.

ஆ) போடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறான். ஞாயிறு வேன் வழக்கம்போல வருகிறது, டிரெய்லர் தெருவில் நிற்காமல் திரும்புகிறது. இது நம்பும்படி இருக்கிறது. நம்பும்படி இருப்பதால் உங்களுக்கும் எனக்கும் வேலை இல்லாமல் போகிறது.

இ) இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பத்து நாள் இருந்தேன். அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். அவள் ஹாலிஸைப் பார்த்து முடித்தபின் என் பக்கம் திரும்பினாள். வாய் திறந்து கேட்கவில்லை. எனக்கு மூன்று படுக்கையறை வீடு, மனைவி போய் ஆறு வருடம், பின்விளக்கு எரிகிற கார். "முத்திரை வைக்கிறவன் அதே பத்திரத்தில் பொறுப்பேற்கக் கூடாதும்மா, விதி அப்படி" என்றேன்.

விதி உண்மைதான். பக்கத்து ஊரில் இன்னொரு நோட்டரி இருக்கிறார் என்பதும் உண்மைதான். இருபது நிமிடத் தூரம். அதை நான் சொல்லவில்லை. கவர்னரின் கருத்துகள், தக்காளி வயல், இரண்டு ரிசீவர்கள் என்று உங்களை இவ்வளவு தூரம் சுற்றிக்காட்டியது இந்த ஒரு வரிக்கு வந்து சேராமல் இருக்கத்தான். கதைகளில் சந்தேகப்பட வேண்டிய பாத்திரம், வேடிக்கையாகப் பேசுகிறவன்.

அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால், கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். அதனால் அந்தச் சனிக்கிழமையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஹாலிஸ் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். பத்திரத்தில் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அலுவலகத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவேன், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

நீங்கள் நோட்டரி இல்லை. என் விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. இவ்வளவு படித்துவிட்டதால் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எர்மினியாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. வந்து உட்காருங்கள். இல்லையென்றால் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போங்கள். வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தம் கேட்டால் யார் போவது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.