பதினாறு இன்டரப்ட் கேட்ட அட்டை

பகல் இரண்டு மணிக்கே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. குருநகர் மீனவர் சங்கம் ஒன்றின் றேடியோ அறைக்குள் இருந்த, சங்கத்தின் கொம்பியூட்டர் வேலைகளைப் பார்க்கும் உதயகலா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடலில் பதினாறு வள்ளங்கள், அதுவும் போன் எடுபடாத தூரத்தில். "காத்து வருது, கரைக்குத் திரும்பு" என்று கொம்பியூட்டர் அனுப்பிய அறிவிப்புக்கு எட்டு வள்ளங்கள்தான் "வாறம்" என்று பதில் தந்திருந்தன. மற்ற எட்டுக்கும் அறிவிப்புப் போகவேயில்லை.

போகாத எட்டில் ஒன்று அடைக்கலநாதனுடையது. அவருடைய மனுசி ரஞ்சினிதான் சங்கத்தில் கணக்கெழுதும் கிளாக்கர்.

"வள்ளத்திலை செய்திப் பெட்டி பூட்டின தைரியத்திலை இண்டைக்குத்தான் தூரப் போனவர் பிள்ளை," என்றார் ரஞ்சினி, கதவடியில் நின்று.

ஏசியிருந்தால்கூட உதயகலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்கள் போங்கோ, ஒன்பது மணிக்குள்ளை இஞ்சை எல்லாம் ஓடும்" என்று விடியக்காலை வள்ளக்காரருக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்தானே!

ஒவ்வொரு வள்ளத்திலும் செய்தி வாங்கி அனுப்பும் பெட்டி ஒன்று. அதற்குக் கரையில் ஒரு றேடியோ. எட்டு றேடியோவுக்குக் கொம்பியூட்டருக்குள் ஒரு அட்டை. பழைய அட்டை ஒரு வருசமாகச் சோலி தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது. இன்று காலை அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றைச் செருகினாள். புதுசு செத்ததுபோலக் கிடந்தது.

காரணம் பிடிபடவே மத்தியானமாகிவிட்டது. செய்தி வந்தால் அட்டை கொம்பியூட்டரின் மூளையைத் தட்டி, "செய்யிற வேலையை விட்டிட்டு என்னைப் பார்" என்று சொல்லவேண்டும். அந்தத் தட்டலுக்குப் பெயர் இன்டரப்ட். இந்தச் சின்ன மெஷினில் மொத்தமாகவே முப்பத்திரண்டுதான். பழைய அட்டை றேடியோவுக்கு இரண்டு வீதம் பதினாறை வாங்கிவிட்டது. டிஸ்க்குக்கும் நெட்வேர்க்குக்கும் ஐந்து. மிச்சம் பதினொன்று. புது அட்டையும் பதினாறு கேட்க, மெஷினுக்குள் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் கேர்னல் இல்லையென்றது. உடனே அட்டையை ஓட்டும் டிரைவர் புரோகிராம், கலியாண வீட்டில் தன்னைச் சரியாக வரவேற்கவில்லையென்று வாசல் படலையோடு திரும்பும் மாமன் மாதிரி, ஒன்றுமே வேண்டாமென்று போய்விட்டது.

அந்த மாமனை வளர்த்து விட்டவளும் உதயகலாதான். டிரைவரை எழுதியது அவள். பதினாறு கிடைக்காவிட்டால் விலகு என்று எழுதி வைத்தாள். குறையக் கிடைக்கக்கூடும் என்று அவள் யோசிக்கவேயில்லை. அடி விசரி!

நெட்வேர்க்கை நிறுத்திப் பார்த்தாள். மிச்சம் பதினான்காக வந்தது. டிஸ்க்கில் கைவைத்தால் மெஷினே படுத்துவிடும். பழைய அட்டையைக் கழற்றினால் அந்த எட்டு வள்ளமும் போய்விடும்.

"இன்னும் ரெண்டு அக்கா. ரெண்டே ரெண்டு கிடைச்சால் பதினாறு வந்திடும்."

ரஞ்சினிக்குப் பொறுமை போய்விட்டது. "காலமையிலையிருந்து உந்தப் பதினாறைத்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்! எனக்கு ஒண்டு காணும் பிள்ளை. அந்த மனுசன் இருக்குதெண்டு ஒரு சத்தம் கேட்டால் காணும்!"

உதயகலா கீபோர்ட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். ஒன்று காணுமோ, போதுமோ? காணும்தான்! எட்டு றேடியோவும் ஒரே இன்டரப்டைப் பங்கு போடலாம். தட்டல் கேட்டதும் யார் தட்டியதென்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரி. கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும், வள்ளம் என்ன ரொக்கெட்டோ?

முழுசாகக் கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் ஒன்றை எடுத்துப் பங்கு போடு என்று டிரைவரை மாற்றி எழுதி ஏற்றினாள். அறிவிப்புப் போனது.

"ஒன்பதாம் வள்ளம்: வாறம்." பிறகு பத்து, பன்னிரண்டு, பதினொன்று. மளமளவென்று ஏழு பதில்கள் வந்தன. பதினான்காம் வள்ளம், அடைக்கலநாதனுடையது மட்டும் வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிசம் போனது. ரஞ்சினி மெல்ல நிலத்தில் குந்திவிட்டார்.

உதயகலா தான் எழுதியதைத் திரும்ப வாசித்தாள். பாதியில் விரல் ஒரு வரியில் நின்றது.

"கோதாரி!" என்று கத்தினாள். "அக்கா, பொறுங்கோ, இது என்ரை பிழை!"

தட்டியது யாரென்று ஒருவரைக் கண்டதுமே டிரைவர் திரும்பிவிடுகிறது. இரண்டு வள்ளம் ஒரே நேரம் பதில் சொன்னால் முதல் ஆளை மட்டும் பார்க்கும். மற்ற றேடியோ ஏற்கெனவே தட்டிவிட்டதால் திரும்பத் தட்டாது. செய்தியை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். எட்டையும் பார்த்து முடிக்காமல் திரும்பாதே என்று மாற்றி, மறுபடி ஏற்றினாள்.

"பதினான்காம் வள்ளம்: வாறம்."

"பதினான்காம் வள்ளம்: வாறம்."

"பதினான்காம் வள்ளம்: வாறம்."

மனுசன் ஐந்து நிமிசத்தில் மூன்று தரம் பெட்டியின் பட்டனை அமத்தியிருக்கிறார்! அந்த மூன்றும் றேடியோவுக்குள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கின்றன. ஒவ்வொரு செய்தியோடும் பெட்டி அனுப்பிய இடக்குறிப்பில் வள்ளம் கரைப்பக்கம் திரும்பி ஓடிவருவதும் திரையில் தெரிந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. ரஞ்சினி சிரித்தார், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதார். உதயகலாவும் சேர்ந்து அழுதாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றாள்.

"அதைப் பிறகு பாப்பம்," என்று ரஞ்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "முதல் அந்தப் போனை எடு பிள்ளை. மற்ற ஏழு வீட்டிலையும் பொம்பிளையள் என்னைப்போலைதானே நிப்பினம்."