மானிட்டருக்குப் படையல்

யூன்ஷி அக்காவின் பழைய பெட்டி மானிட்டர் மூன்று நாளாகச் சிமிட்டிக்கொண்டு, கருகிய மீன்வாடை வீசியது. மாற்றித் தரச் சொன்னால், பிரிவுத் தலைவர் ஜியாங் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலத்தோடு வந்தார். தைவான் அலுவலகங்களில் இயந்திரம் சொன்னபடி கேட்க அதைத்தான் வைப்போம், ஆனால் ஓரமாக. அவரோ மானிட்டரின் தலைமேல், காற்றுத் துளைகளை அடைத்து நட்டநடுவில் வைத்து, ஊதுபத்தி ஏந்தி மூன்று முறை குனிந்தார்.

சூட்டில் பொட்டலம் உப்பி வெடித்து, வெண்ணெய்ப் பிசுக்கு வழிந்தது. துளைக்குள்ளிருந்து கிளம்பிய கரப்பான் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு துடித்தது. பின்னாலேயே புகை வந்தது.

"தலைவரே, பிளக்கைப் பிடுங்கிடவா?" என்றாள் அக்கா.

"படையல் நடுவுலயா? அபசகுனம்! ஊதுபத்தி அணையட்டும்."

"அப்ப என் நாற்காலியில நீங்க உக்காருங்க."

"எனக்கு மீட்டிங் இருக்கே!"

அக்கா மானிட்டரைத் தொடாமல், சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். பின்மூடியைக் கழற்றப் போன என்னையும் தடுத்தாள். "கைய வைக்காத. கரண்ட நிறுத்தினாலும் உள்ள ஷாக் இருக்கும். பழுது பாக்கறவர் வரட்டும்."

புகை அடங்கியதும் தலைவர் தொண்டையைச் செருமினார். "பாத்தீங்களா? படையல் வச்சதாலதான் தீப்பிடிக்கல. வீணாக்காம எல்லாரும் எடுத்துக்குங்க."

"பெரியவங்க முதல்ல, தலைவரே," என்றாள் அக்கா.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் சிரித்தபடி, கரப்பான் ஒட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினார்.