ஒரே வலை

இறக்குமதியான மீன் முட்டைகளைத் தனிமைப்படுத்தும் அறையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. முதலாவது ஒரு பெரிய கம்பெனியுடையது. இரண்டாவது, அங்கே பரிசோதகராக இருந்தவளின் அக்கா கணவருடையது. அவர் முட்டைகளுக்கு நோய் இல்லை என்ற முடிவு நேற்று காலையே வந்துவிட்டது. கம்பெனி முட்டைகளின் முடிவு இன்று காலை வந்தது: வைரஸ் இருக்கிறது.

படித்ததும் அவள் சுவரில் தொங்கிய வலைகளைப் பார்த்தாள். தொட்டிக்கு ஒரு வலை என்பது விதி. நேற்று மாலை செத்த முட்டைகளை அள்ளும்போது, அவசரத்தில் ஒரே வலையை இரண்டிலும் விட்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே அத்தான் நின்றிருந்தார். "என்ன மச்சினி, அடைகாக்கிறியா? குடுத்தா கொண்டு போயிடுவேன்ல!"

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வைரஸையும் வலையையும் பற்றிச் சொல்லிவிட்டாள்.

அவர் சிரிப்பு அடங்கியது. "தாள்ல நோய் இல்லன்னுதானே இருக்கு? நீ வாயைத் திறக்காம இருந்தா போதும். இந்த வருஷத்துக்கு எனக்கு வேற குஞ்சு கிடையாது."

"உங்க குளத்துத் தண்ணி ஆத்துலதானே விழுது அத்தான்? கீழ எத்தனை பண்ணை இருக்கு?"

"அப்ப என் பொழப்புல மண்ணைப் போடு!"

முட்டைகளுக்குள் குஞ்சுகளின் கருங்கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவள் இரண்டு தொட்டிகளிலும் குளோரினை ஊற்றினாள். எல்லாம் செத்ததை உறுதி செய்ய, ஊற்றியவர் அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். அத்தான் போகவில்லை. அவளைப் பார்த்தபடியே போனை எடுத்து அழுத்தினார்.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது. அக்கா. இன்னும் இருபத்தெட்டு நிமிடங்கள் இருந்தன.