முட்டிக்குச் சுற்றிய பிளாஸ்டிக்

என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் ‘பார்சல்’ என்று பெயர். அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாளை இழுத்து இழுத்துச் சுற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் சுற்றிய சரக்கு மழையில் நின்றாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வதால் நான் தனியாகப் புகழ வேண்டியதில்லை.

குனிந்து குனிந்து சுற்றியதில் முட்டி இரண்டும் போய்விட்டன. சரக்கைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் இடம் ஒன்று காலியானதும் முதல் ஆளாகப் போய்க் கேட்டார். பயிற்சியிலும் தேறினார். உட்கார்ந்து செய்கிற வேலை, கிடைத்தால் முட்டி பிழைக்கும். உடல் பரிசோதனையில்தான் இடித்தது. கிடங்கு நர்ஸ் அளந்தபோது பிரஷர் ஏகத்துக்கு எகிறி நின்றது. மறுபடி அளந்தாலும் அதே கதை. அடுத்த மாதம் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம், இறங்கவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சமையலில் உப்பைப் பாதியாக்கினேன். மனுஷர் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். அப்போதே புரிந்தது, அந்த வேலைக்கு அவர் எவ்வளவு ஏங்குகிறார் என்று.

ஒரு சாயங்காலம் அவர் நடக்கும்போது கால்சட்டைக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. இழுத்து உட்கார வைத்துப் பார்த்தேன். முட்டி இரண்டிலும் பிளாஸ்டிக் தாள், இடுப்பைச் சுற்றியும் அதே தாள்.

“என்னங்க இது?”

“வலிக்கு ஜெல் தடவியிருக்கேன். சும்மா விட்டா காத்துல போயிடும். சுத்தி வச்சா வேஸ்ட் ஆகாது.” குரலில் பெருமை வேறு.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். எனக்கு இஸ்திரிக் கடை. ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் துணிக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். தோலுக்கு மட்டும் வேறு நியாயமா?

“மருந்து ஏதாவது எடுக்கறீங்களான்னு நர்ஸ் கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. இல்லைன்னேன். இது மேல பூசறதுதானே? மருந்துன்னா உள்ள போகணும்.”

“உள்ள ஒண்ணும் போகலையா?”

கூரையைப் பார்த்தார். “வலி மாத்திரை போடறேன். உன் தம்பி குடுத்தான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதெல்லாம் ஒரு மருந்தா?”

என் தம்பியைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று, ஜெல் குழாயையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெண்ணின் வெள்ளைக் கோட்டு என் கடையில்தான் இஸ்திரியாகிறது. அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“அக்கா, ரெண்டுலயும் இருக்கறது ஒரே மருந்து. ஜெல்லுல இருந்து ரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். ஆனா இத்தனை இடத்துல பூசி இறுக்கி மூடினா அதிகமாப் போகும். மாத்திரை வேற போடறாரு. வயிறு புண்ணாகலாம், கிட்னிக்குக் கஷ்டம், பிரஷரும் ஏறலாம்.”

பிரஷர் என்றதும் இவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப ரெண்டையும் சேர்க்கவே கூடாதாம்மா?”

“டாக்டர் உங்களைப் பார்த்து, இவ்வளவு, இத்தனை நாள்னு சொன்னா சேர்க்கலாம். நீங்களா சேர்க்கக் கூடாது. பிரஷர் இப்படி இருக்கும்போது மாத்திரையை நிறுத்திட்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்க.”

டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்தார். கிட்னி நன்றாக இருந்தது, எனக்கு உயிர் வந்தது. மாத்திரை வேண்டாம், ஜெல் முட்டிக்கு மட்டும், சொன்ன அளவில், மேலே எதையும் சுற்றக் கூடாது, தொடைக்குப் பயிற்சி என்றார். முதல் வாரம் இவர் என் தம்பியைத் திட்டிக்கொண்டே காலை நீட்டி மடக்கினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பிரஷர் மெல்ல இறங்கத் தொடங்கியது.

கிடங்கில் கடைசிப் பரிசோதனைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுவிட்டார். “முட்டி வலின்னு சொன்னா வண்டி தர மாட்டாங்களே?”

இவ்வளவு பாடுபட்டது வீணாகிவிடுமோ என்று நானும் பயந்தேன். ஆனாலும், “எல்லாத்தையும் சொல்லிடுங்க. போனா போகட்டும்,” என்று அனுப்பிவைத்தேன்.

கடையில் ஒரே சட்டையை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்தார்.

“ஜெல், மாத்திரை, பிளாஸ்டிக் எல்லாத்தையும் சொன்னேன்.”

“பிளாஸ்டிக்கையுமா?”

“அதுக்குத்தான் நர்ஸ் சிரிச்சாங்க. பிரஷர் சரியா இருக்கு. ஆனா மேனேஜர் பிடிச்சுக்கிட்டாரு. முட்டி வலிக்கற ஆளு எப்படி ஓட்டுவேன்னாரு.”

“ஐயோ, என்ன சொன்னீங்க?”

“முட்டி வலிக்கறதாலதான் சார் உக்காந்து செய்யற வேலை கேக்கறேன்னேன். ஏறி இறங்கச் சொல்லுங்க, பெடல் மிதிக்கச் சொல்லுங்க, செஞ்சு காட்டறேன்னேன். செஞ்சும் காட்டிட்டேன்.”

இஸ்திரி மேசைமேல் புது ஓட்டுநர் அட்டையை வைத்தார். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது.

“என் இடத்துக்குப் புது ஆளு வந்துட்டான். பிளாஸ்டிக் சுருளைக் கையில குடுத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்,” என்றார்.

“என்னன்னு?”

“பெட்டிக்கு மட்டும் சுத்துடான்னு.”