நட்வர்பாயின் எண்

...ஆனால் செத்துப்போனவருக்கு எப்படி நோட்டீஸ் வரும், வந்திருக்கிறதே, திரையில் பெயர் தெளிவாக இருக்கிறதே, நட்வர்பாய் பர்மார், கழிவுநீர்ப் பொறுப்பாளர், நேரில் ஆஜராகி விளக்கம் தர வேண்டும்... தர்மிஷ்டா திரையைக் கீழே தள்ளினாள், மறுபடி மேலே தள்ளினாள், பெயர் மாறவில்லை. அனுமதியைப் புதுப்பிக்கத்தான் உட்கார்ந்தாள், நாளையோடு காலாவதி, அதன்பிறகு இந்தச் சாயத் தொழிற்சாலையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குச் சம்பளம், இதே நாற்காலியில் அவளுக்கு முன்னால் அவருக்கும் அதற்குத்தான். கழிவுத் தொட்டியில் அளவுக் கருவியைத் துடைக்க இறங்கியவர், வாயு தாக்கி அங்கேயே சரிந்துவிட்டார். தூக்கியபோது இடுப்புவரை சிவப்பாம், சாயம்தான், ரத்தமில்லை, குளிப்பாட்டியும் போகவில்லை, அப்படியேதான் எரித்தோம் என்று வாட்ச்மேன் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். அவர் பெயரை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கீர்த்தி சேட்டிடம் கேட்டாள். அவர் மோரைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்து, பிறகுதான் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும் தர்மிஷ்டாபென். உயிரோட இருக்கிறவனைத்தானே ஜெயில்ல போட முடியும்?" அன்று அவளும் சிரித்தாள், ஏன் சிரித்தாள்...

போன வாரம் பெய்த மழையில் தொட்டி நிரம்பியது, சேட் கண்ணைக் காட்டினார், சுத்தப்படுத்தாததை அப்படியே ஓடையில் திறந்துவிட்டார்கள், மறுநாள் ஓடைக்கரைப் புறாக்களின் வயிறெல்லாம் ரோஸ் நிறம். அதற்குத்தான் நோட்டீஸ். இனி யார் வருவார்கள்? போலீஸ்காரன் பரூச்சிலுள்ள நட்வர்பாய் வீட்டுக்குப் போவான், அந்த முகவரியைத்தானே கொடுத்திருக்கிறது, அவர் மனைவி ரமிலாபென் கதவைத் திறப்பாள், உன் புருஷன் எங்கே என்பான், அவள் என்ன சொல்வாள்... ஐயோ, அவள் என்ன சொல்வாள் என்பதுதான் தர்மிஷ்டாவுக்கு நன்றாகத் தெரியுமே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நுழைய ஓடிபி போகிற எண் நட்வர்பாயுடையது, அந்தப் போன் ரமிலாபென்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டும், அவள் எண்ணை ஒவ்வொன்றாக வாசிப்பாள். வெளியேறும் குழாயிலுள்ள மீட்டரும் அதே போனுக்குத்தான் பகலெல்லாம் செய்தி அனுப்புகிறது, அமிலம் இவ்வளவு, ஓட்டம் இவ்வளவு. "சார்ஜ் போட்டே வெச்சிருக்கேன் பேட்டா, வந்துக்கிட்டே இருக்கும், வேலையில இருக்காருன்னு இருப்பேன்" என்றாள் ஒருமுறை. பாவம் என்று தோன்றியது, அவ்வளவுதான். பிறகொரு நாள், மத்தியானம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை, சாப்பிட உட்கார்ந்திருப்பார் என்றாள். அந்த நேரத்தில் தொழிற்பேட்டை முழுக்கக் கரண்ட் இல்லை, தர்மிஷ்டா இதே மேஜையில் தனியாகத் தெப்லா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள், எதிரே காலி நாற்காலி... அன்று அவள் சாப்பாட்டை முடிக்கவில்லை.

இன்று காலையில் கூப்பிட்டபோதும், எண்ணைச் சொன்ன பிறகு போனை வைக்காமல், "போன வாரம் நெறைய வந்துச்சு, எல்லாம் அபாயம் அபாயம்னு. அங்க அவருக்கு ஏதும் கோவமா?" கோபம் இல்லை என்றாள் தர்மிஷ்டா. அவளுக்கு எப்படித் தெரியும்?

பெயரை மாற்றுகிறேன் என்று சேட்டிடம் சொல்லியாகிவிட்டது. யார் பெயர் என்றார், என் பெயர்தான் என்றாள், அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது என்று எழுந்து போய்விட்டார், அழுவாளா, அழலாம், வீட்டில் சொன்னால் அம்மா அழுவாள்... தட்டச்சு செய்தாள், தர்மிஷ்டா சோலங்கி, தன் எண், பழைய எண்ணை நீக்க அதே எண்ணுக்குப் போகும் ஓடிபி வேண்டும் என்றது திரை. மறுபடி கூப்பிட்டாள். ரமிலாபென் கண்ணாடியைத் தேடினாள், நிதானமாக வாசித்தாள், இதுதான் கடைசி என்று இடையில் சொல்லிவிட நினைத்தாள் தர்மிஷ்டா, நாலு, ஒன்பது, இப்போது சொல்லலாம், பூஜ்யம், சொல்லவில்லை. அனுமதி புதுப்பித்தாகிவிட்டது. சற்றைக்கெல்லாம் மேஜைமேல் அவள் போன் உறுமியது, அமிலம் இவ்வளவு, ஓட்டம் இவ்வளவு, யாரோ பக்கத்தில் நின்று சொல்வதுபோல.

வேலை முடிந்து கேட்டுக்கு வெளியே ஷேர் ரிக்‌ஷாவுக்கு நிற்கையில் ரமிலாபென் கூப்பிட்டாள், அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"பேட்டா, மத்தியானத்துலேருந்து ஒண்ணுமே வரல. கெளம்பிட்டாரா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். "கெளம்பிட்டாரு ரமிலாபென்."

"சரி, ரொட்லா தட்டி வெக்கிறேன்" என்றாள் அவள், அத்தனை சாதாரணமாக, போனை வைத்தும்விட்டாள். என்ன சொல்லிவிட்டேன், ராத்திரியெல்லாம் காத்திருப்பாளே, திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா... ரிக்‌ஷா வந்து நின்றது, ஏறி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது, ஏன் ஒடுங்கினாள்? பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சுடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அம்மா தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது தானே தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.